எங்கள் துரையின் குரங்கு

எங்கள் துரை தம் வாழ்நாளில் ஒரு கோல்ப் பந்தைக்கூடத் தொலைத்ததில்லை. அவருடைய பந்துகளை எல்லாம் குரங்குகள்தான் எடுத்துக்கொண்டு போயின.

கேலி செய்கிறேன் என்று நினைக்கக் கூடாது. அந்தத் திடலின் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. மலாக்கா டவுனுக்கு வெளியே, ரப்பர் மரங்கள் நிறைந்த கித்தாத் தோட்டம் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் வெள்ளைக்காரர்கள் அந்தத் திடலை அமைத்திருந்தார்கள். அமைத்திருந்தார்கள் என்று சொல்வதுகூட அதிகம். மேட்டை மேடாகவும், பள்ளத்தைப் பள்ளமாகவும், நீப்பா மரங்கள் நின்ற ஓடையை ஓடையாகவும் விட்டுவிட்டு, இடையிடையே புல்லைக் கத்தரித்து, ஒன்பது குழிகளை வெட்டி, ஒன்பது கொடிகளை நட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் இயற்கையின் பொறுப்பு. இடுப்பளவு வளர்ந்த லாலான் புல், உடும்பு, காட்டுப்பன்றி கிளறிய மண், குரங்குகள். குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அதே இடத்தில் வேறொரு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் அவராகவே லாலானுக்குள் அடித்துத் தொலைத்தால் ஓர் அடி கூடும். பழைய இடத்துக்கே திரும்பி நடந்துபோய் மறுபடி அடிக்க வேண்டும். குறைந்த அடிகளில் குழிக்குள் போடுகிறவர்தான் வெல்வார் என்பதால் அந்த ஓர் அடி சாதாரண விஷயம் இல்லை.

எங்கள் துரை இரண்டு விதிகளையும் படித்தார். முதல் விதி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். என்னுடைய பிள்ளைகள் ஒருநாள் வேலை தேட வேண்டியவர்கள். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. என் கணவர் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் அவர் தலைமைக் கிராணி. மெர்டேக்கா வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். காலியான நாற்காலி ஒன்றில் இவரை உட்கார வைத்தார்கள். மறுமாதமே இவர் ஒரு தொப்பியும், முழங்கால்வரை நீளும் வெள்ளைக் காலுறைகளும், கப்பல் ஏறும் அவசரத்தில் யாரோ விட்டுப்போன கோல்ப் மட்டைகளும் வாங்கிவிட்டார். நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது என்பது எங்கள் சந்துக்கு அப்படித்தான் தெரியவந்தது. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் அவர் துரை. நேரில் பார்த்தால் ஐயா.

பயிற்சியெல்லாம் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில்தான். அதற்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி வீடுகளின் வேலி. மட்டையை அவர் இரண்டு கையாலும் பிடித்து ஓங்கும்போது பார்த்தால், தோட்டத்தில் லாலான் வெட்டுகிறவர்கள் ஞாபகம் வரும். அவர்களாவது வெட்டியதும் நகர்ந்து விடுவார்கள். இவர் நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, பந்து போன திசையைக் கண்களைச் சுருக்கிப் பார்ப்பார். பெரும்பாலும் பந்து போயிருக்காது. காலடியில்தான் கிடக்கும்.

பந்து பறந்துபோன நாட்களில்தான் எனக்குக் கவலை. மல்லிகாவுக்கு அப்போது இரண்டரை வயது. என் முதல் குழந்தை. இருமினால் கவலை, இருமாவிட்டால் மூச்சு இருக்கிறதா என்று கவலை. இத்தனைக்கும் நான் சீனியர் கேம்பிரிட்ஜ்வரை படித்தவள். படித்தவர்களுக்குக் கவலைப்பட இன்னும் நாலு காரணம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து மணி அடித்து அவர் தொப்பியோடு பின்பக்கம் வந்தால், நான் மல்லிகாவை உள்ளே இழுத்து, அப்படியும் மனம் கேளாமல், எனாமல் சட்டி ஒன்றை அவள் தலையில் கவிழ்த்து வைப்பேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். துரையைக் கண்டாலே சட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

என் கணவர் ஒருநாள் கோல்ப் விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பந்து யார் தலையிலாவது பட்டால் என்ன செய்வது என்று தேடி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நானும் படித்தேன். குழந்தைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாயைப் பற்றி இருந்தது. பின் அட்டையில் உள்ளூர் விதிகள் என்று தட்டச்சு செய்து ஒட்டிய தாளில் குரங்கைப் பற்றி இருந்தது.

ஒரு சாயங்காலம் பந்து உண்மையாகவே பறந்தது. வேலியைத் தாண்டிப்போய்ச் செட்டி வீட்டு பீபியின் பூந்தொட்டியில் விழுந்தது. கம்போங் செட்டிக்காரர்கள் நம்மைப் போலச் சாமி கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். பீபி சரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியோரம் வந்தார்.

"அப்பா இனி, துவான்? பாசு சயா பெச்சா!" என்ன இது, என் தொட்டி உடைந்துபோனதே என்றார்.

துரை தொப்பியைச் சரிசெய்தார். "மொன்யெட்" என்றார். குரங்காம்.

பீபி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். "மானா அடா மொன்யெட் டி சினி?" இங்கே ஏது குரங்கு?

நியாயமான கேள்வி. காஜா பெராங்கில் பூனை உண்டு, கோழி உண்டு, மழைக்காலத்தில் பாம்புகூட உண்டு. குரங்கை நான் கண்டதில்லை. ஆனால் அவர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விசாரணை முடிந்துவிட்டது என்பதுபோல வீட்டுக்குள் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து பீபி வீட்டு வாசலில் புதுத் தொட்டி ஒன்று இருந்தது, பழையதைவிடப் பெரிது, மல்லிகைச் செடியோடு. பீபி பலகாரத் தட்டோடு நன்றி சொல்ல வந்தார். "புக்கான் சயா" என்றார் துரை, நான் இல்லை என்று. பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் மனைவிதான் வெட்கப்பட்டு வாங்கி வைத்திருப்பார் என்று நான் முடிவு செய்தேன். வேறு யார் செய்வார்கள்?

அந்த அக்கா நல்ல மாதிரி. கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒரு தப்பும் பண்ணாத மனுசன்கூட முப்பது வருசம் குடும்பம் நடத்துறது லேசா? கல்யாணத்தன்னிக்கே ஒரு மணி நேரம் லேட்டு. மேளக்காரங்க மேல பழி போட்டாரு. மேளக்காரங்க எங்க வீட்டுல பசியாறிக்கிட்டு இருந்தாங்கம்மா!"

அலுவலகத்திலும் அதே கதைதான். முக்கியமான பைல் ஒன்றைக் காணவில்லை என்று பெரிய அதிகாரி, கடைசியாக மிஞ்சியிருந்த வெள்ளைக்காரர், சத்தம் போட்டாராம். எல்லாரும் நடுங்கிக்கொண்டு நிற்க, இவர், "சம் மங்கி, சார்" என்றாராம். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். மறுநாள் பைல் இவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. "பாத்தியா தம்பி, திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்கு. நல்ல கொரங்கு" என்றாராம் என் கணவரிடம்.

என் கணவர் இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்போது எங்கள் வாழ்க்கையும் அதே மேசையில்தான் கிடந்தது.

விஷயம் இதுதான். மல்லிகாவுக்கு இளைப்பு. காற்று மாறினால், தூசி பட்டால், சில சமயம் ஒன்றும் இல்லாமலேயே, மூச்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஊசி போடும் மிஸிகளுக்கு அவளைப் பெயர் சொல்லியே தெரியும். அந்த நேரத்தில் என் கணவரைப் பகாங்கின் உட்பகுதிக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் பாதி வழி லோரியிலும் மீதி வழி படகிலும் போக வேண்டும். மருந்துக்கடைகூடக் கிடையாது. ஒரே வழி, மலாக்காவிலேயே காலியாக இருந்த உதவி அதிகாரி வேலை. அது கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்க வேண்டுமென்றால் துரை ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும்.

"அனுப்பிட்டாரா?" என்று தினமும் கேட்பேன்.

"பார்க்கலாம்னு சொன்னாரு."

"நேத்தும் அதத்தானே சொன்னாரு?"

"இன்னிக்குக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அந்தச் சிரிப்பை நம்பி என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் துரையின் கோல்ப் பையைத் தூக்கினார். திடலில் பை தூக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் துரைக்கு ஆங்கிலத்தில் விதி தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. என் கணவருக்கு விதி சொல்லிக் கொடுத்தது நான். வீட்டில் மல்லிகாவுக்கு விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டே, "பந்து முயல் வளைக்குள்ள விழுந்தா?" என்று கேட்பேன், அவர் ஒப்பிப்பார். வாரம் முழுக்கக் கிராணி, ஞாயிறு முழுக்கக் கழுதை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவருடைய தோளில் தைலம் தேய்த்தது நான்தான்.

ஞாயிறுதோறும் எத்தனை குரங்குகள் என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. "இன்னிக்கு நாலு" என்பார். "அதுல ஒண்ணு ஓடைக்குள்ள எறங்கி எடுத்துச்சாம். நீச்சல் தெரிஞ்ச கொரங்கு."

அப்படி இருக்கும்போதுதான் குடும்ப நாள் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகிறார். அவருக்குக் கடைசி ஆட்டம். எல்லாரும் மனைவி மக்களோடு திடலுக்கு வர வேண்டும். ஜெயிக்கிறவருக்கு அவர் கையால் வெள்ளிக் கோப்பை. போவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போனால் மல்லிகாவுக்குத் தூசி. போகாவிட்டால் துரைக்கு மனத்தாங்கல். கடிதம் இன்னும் போகவில்லை. போனோம்.

ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில், மரத்தடியில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். இடம் அழகாகத்தான் இருந்தது. புல் சரிந்து இறங்கி, ஓடையைத் தாண்டி மறுபடி ஏறி, தூரத்தில் கித்தா மரங்களின் நிழலில் போய் முடிந்தது. எங்கள் அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் லாலானைப் பார்த்தால் வேலை வாங்கும் மண்டோர் கத்துவார். இங்கே அதை ஆள் வைத்து வளர்த்தார்கள், பந்து தொலைய வசதியாக. எனக்குக் கொடுத்த வேலை ரோஜாப்பூ சர்பத்தில் ஐஸ் போடுவது. பெரிய மரப்பெட்டி நிறைய, மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டிகள். உடைத்து உடைத்துக் கை மரத்துப்போனது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். மல்லிகா இல்லை.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் நான் ஓடையையும் உடும்பையும் பாம்பையும் பார்த்துவிட்டேன், மனத்துக்குள். பாயின் ஓரத்திலிருந்து லாலான் மடங்கி ஒரு சின்னப் பாதை போயிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பத்தடிக்குள் கிடைத்துவிட்டாள். மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு, அதைத் தின்ன முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தில் சிவப்பு மையால் ஒரு பொட்டு. அலுவலகத்துச் சிவப்பு மை. துரை தன் பந்துகளுக்கு மட்டும் வைக்கும் அடையாளம்.

அவளை வாரி எடுக்கக் குனிந்தேன். வெளியே, மிக அருகில், துரையின் குரல் கேட்டது.

"மங்கி, சார்! ஐ சா இட்! எ பிக் ஒன்!"

வெள்ளைக்காரர் சிரிப்பது கேட்டது. "அப்படியானால் இங்கேயே இன்னொரு பந்து வையுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் கணவர் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வது? இப்போது குழந்தையும் கையுமாக, கையில் பந்துமாக வெளியே போனால், அத்தனை பேர் முன்னால் அந்தப் பெரிய குரங்கு என் மகள் என்று ஆகிவிடும். துரை பொய்யர் என்று ஆகிவிடும். அவமானப்பட்ட மனிதர் நாளை எங்களுக்கு என்ன கடிதம் எழுதுவார்? பந்தை வாங்கி இடுப்பில் செருகினேன். பறித்ததற்கு அவள் அழ வாயைத் திறந்தாள். கையால் பொத்தினேன்.

லாலான் பூத்திருந்த பருவம் அது. வெள்ளைப் பஞ்சு நாங்கள் அசையும்போதெல்லாம் உதிர்ந்து பறந்தது. அவள் தலையில், இமையில், மூக்கில். வெளியே துரை நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார். ஓங்கிப் பார்த்தார், இறக்கினார். காற்றின் திசை கேட்டார். என் கணவர் சொன்னார். என் உள்ளங்கைக்குக் கீழே மல்லிகாவின் மூச்சு மாறத் தொடங்கியது. முதலில் சின்ன இழுப்பு. பிறகு அந்த விசில்.

அப்போது எழுந்து ஓடியிருக்க வேண்டும். எந்தத் தாயும் ஓடியிருப்பாள். நான் உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் இளைப்புக்காக மலாக்காவில் இருக்க வேண்டும், அதற்காகக் கடிதம் வேண்டும், அதற்காகக் குழந்தையை இளைக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்தவள்தான். கணக்காகத்தான் யோசித்தேன்.

கைதட்டல் கேட்டதும் எழுந்து வெளியே வந்தேன். துரை ஓர் அடி வித்தியாசத்தில் வென்றிருந்தார். எல்லாரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் திரும்பி எங்களைப் பார்த்தார். மல்லிகாவின் தலையில் இருந்த பஞ்சையும், என் இடுப்பையும், மறுபடி மல்லிகாவையும்.

"ஏம்மா, இளைக்கிற புள்ளய லாலானுக்குள்ள கொண்டு போவாங்களா?" என்று கேட்டார்.

அதாவது தப்பு என்னுடையது. அவர் அலுவலக வேன் டிரைவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஐஸ் பத்தாது, டவுனுக்குப் போய் வாங்கிக்கிட்டு வா. போற வழியில இவங்கள ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுடு." ஆக, ஐஸ் தீர்ந்ததால் என் மகள் ஆஸ்பத்திரி போனாள். வேன் அன்று பறந்தது. இவ்வளவு அவசரமாக ஐஸ் வாங்கப் போன வேனை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் என் கணவர் முடிவெட்டப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் மல்லிகாவை விட்டுவிட்டு, துரை வீட்டுக்குப் போக ஐந்து முறை செருப்பைப் போட்டேன், நான்கு முறை கழற்றினேன்.

அவர் முன்னறையில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேசைமேல் வெள்ளிக் கோப்பை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பந்தை எடுத்துக் கோப்பைக்குள் போட்டேன். டணக் என்று சத்தம் கேட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். சிவப்புப் பொட்டு மேலே தெரிந்தது.

"கொரங்கு திருப்பிக் கொண்டாந்துருச்சா?"

"கொரங்கு இல்லீங்க ஐயா. எம் பொண்ணு." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவதான் எடுத்தா. நீங்க ஆடி முடிக்கிற வரைக்கும் நான் அவ வாயப் பொத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்."

அவர் காலுறையை மடித்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் பந்துபோல ஆக்கினார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"புள்ள இப்ப எப்படி?"

"மூச்சு பரவால்ல. ஐயா, அந்தக் கடிதம்..."

"எந்தக் கடிதம்?"

"அவரோட வேலைக்கு. நீங்க அனுப்புற கடிதம். அனுப்பிடுங்க ஐயா. இந்தப் பந்தப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூடச் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "இதுவரைக்கும் சொல்லல" என்றும் சொன்னேன்.

கான்வென்டில் படித்த, பெரியவர்கள் முன் கால்நீட்டி உட்காராத, சாமி படத்துக்குப் பூ வைக்காமல் பசியாறாத நான் அப்படிச் சொன்னேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

அவர் கோப்பைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பார்க்கலாம்" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா, "யாரது? தே தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். குடும்பத்தையே குழியில் தள்ளிவிட்டேன் என்று அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வந்தது. என் கணவர் உதவி அதிகாரி, மலாக்காவிலேயே. அவர் துரையின் காலில் விழாத குறை. "பார்த்தியா, ஒரு வருசம் பை தூக்கினது வீண் போகல" என்றார். நான் சிரித்தேன். அவர் தூக்கிய பை இல்லை, நான் போட்ட பந்துதான் என்று எனக்குத் தெரியும் என்பது ஒரு சிரிப்பு. இதைப் போய் ஒரு வெற்றி என்று நினைக்கிறோமே என்பது அதற்குள் இருந்த இன்னொன்று. எட்டு வருடம் அந்த இரண்டையும் சேர்த்தே சுமந்தேன். சந்தில் துரையைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் போனேன். ஓய்வு பெற்று அவர் மகனோடு சிரம்பானுக்குப் போனபோது, சொல்லிக்கொண்டு போக வந்தவரைக் கதவு மறைவிலிருந்தே அனுப்பினேன்.

போன மாதம் அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய பைல்களைக் கட்டும்போது என் கணவர் கையில் அவருடைய சொந்த பைலே கிடைத்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம துரையோட சிபாரிசுக் கடிதம் நகல் இருந்துச்சு. ரெண்டு பக்கம்! 'இவருடைய குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி உள்ள ஊரில்தான் இருக்க வேண்டும்'னு தனியா ஒரு பத்தி. நாம இதச் சொல்லவே இல்லியே, அவருக்கு எப்படித் தெரியும்?"

"தேதி என்ன போட்டிருந்துச்சு?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. ஆனாலும் நினைவுபடுத்திச் சொன்னார். குடும்ப நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை.

வியாழன். ஞாயிற்றுக்கிழமை நான் லாலானுக்குள் குழந்தையின் வாயைப் பொத்தியபோது கடிதம் கோலாலம்பூருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை நான் பந்தைக் கோப்பைக்குள் போட்டபோது அவருக்கு அது தெரியும். "போயிடுச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, மரப்பெட்டி நிறைய இருந்த ஐஸை நினைத்தேன். மல்லிகைச் செடியோடு வந்த பூந்தொட்டியையும் நினைத்தேன்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் சிரம்பானிலிருந்து வந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கையில் ஊன்றுகோல், கிட்டப் போய்ப் பார்த்தால் கோல்ப் மட்டை, தலைகீழாக. கூட்டத்தில் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். செருப்பைக் கழற்றி மாட்டும் வேலை கோயிலில் இல்லாததால் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

"ஐயா, அந்தக் கடிதத்த நீங்க முன்னாடியே அனுப்பிட்டீங்க."

"எந்தக் கடிதம்?"

"எங்க வீட்டுக்காரரோடது. குடும்ப நாளுக்கு முன்னாடியே. நான் வந்து அப்படிப் பேசினப்ப ஏன் சொல்லல? நான் எட்டு வருசமா..."

அவர் மல்லிகாவைப் பார்த்தார். பத்து வயது, இரட்டைச் சடை, வேகமாக ஓடி வந்தும் மூச்சு வாங்காத பெண்.

"இப்ப இளைக்குதா?"

"இல்லீங்க. ரெண்டு வருசமா இல்ல."

"ம்" என்றார். மட்டையை ஊன்றிக் கால் மாற்றி நின்றார். "கடிதமா? நான் அனுப்பலியே. எனக்கு ஞாபகமே இல்ல. ஏதாச்சும் கொரங்கு அனுப்பியிருக்கும்லா."

சொல்லிவிட்டு விபூதி வாங்கப் போய்விட்டார்.

நல்ல மனிதர் என்று எழுதி முடிக்கலாம். முடியவில்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு வருடம் நான் வேறு பக்கம் நடந்திருக்க வேண்டியதில்லை. அல்லது அவர் நிஜமாகவே மறந்துதான் போனாரோ என்னவோ. மறக்கக்கூடியவர்தான். கடிதத்தை எழுதி அனுப்பியதையே மறந்துவிட்டு, நான் கேட்டதும் இனிமேல் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பாரோ? எதையும் திட்டமாகச் சொல்ல முடியாத மனிதரைப் பற்றி இதற்கு மேல் என்ன எழுதுவது?

வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகா கேட்டாள். "அம்மா, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல? லாலானுக்குள்ள போனதாலன்னு அப்பா சொன்னாரே, என்னய யாரும்மா கொண்டு போனா?"

நடந்தேன். பீபி வீட்டு வேலியோரம் மல்லிகைச் செடி தொட்டியை மீறி வளர்ந்திருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஒரு கொரங்கு" என்றேன்.